டி செல் ஏன் செத்தது?

அன்று மாலை நுண்ணோக்கியில் தெரிந்ததெல்லாம் நீலம். டிரிபான் நீலச் சாயம் உயிருள்ள செல்லுக்குள் போகாது. செத்த செல்லில்தான் ஏறும். தானமாகக் கிடைத்த ரத்தத்திலிருந்து பிரித்து, இரண்டு நாள் தூண்டி வளர்த்த டி செல்கள், அதாவது நோயெதிர்ப்பு செல்கள் அவை. குவெட் என்ற சிறு கலத்தில் ஊற்றி, பிளாஸ்மிட் டி.என்.ஏ. சேர்த்து, மின்துடிப்பு கொடுத்து, மறுநாள் எண்ணினால் பெரும்பாலும் பிணங்கள். மின்னழுத்தத்தைக் குறைத்தேன், துடிப்பின் நேரத்தைக் குறைத்தேன், கரைசலை மாற்றினேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று. புதிதாகச் சேர்ந்த மாணவிதான் கேட்டாள்: "அக்கா, ஷாக் அடிச்சதுல செத்துச்சா, டி.என்.ஏ.வால செத்துச்சா?"

ஒப்பீட்டுக்காக ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. சேர்க்காமல் துடிப்பு மட்டும் கொடுத்த குவெட் ஒன்றை வைத்திருந்தேன். குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்தக் குவெட்டில் செல்கள் பிழைத்திருந்தன, மூன்று வாரமும்.

அந்த இரவு பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உட்கார்ந்தேன். செல்லுக்கு ஷாக் கொடுத்து மரபணுவை நுழைக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?

எல்லோரும் மேற்கோள் காட்டுவது எபர்ஹார்ட் நியூமானும் கூட்டாளிகளும் 1982இல் எழுதிய கட்டுரையை. தைமிடின் கைனேஸ் என்ற நொதி இல்லாத எலி செல்களை எடுத்து, ஹெர்பிஸ் வைரஸிலிருந்து பெற்ற அந்த நொதியின் மரபணுவைக் கரைசலில் கலந்து, சென்டிமீட்டருக்கு 8,000 வோல்ட் வீதம் மூன்று துடிப்புகள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 மைக்ரோவினாடி. மரபணு உள்ளே போன செல் மட்டுமே பிழைக்கக்கூடிய ஊட்டக் கரைசலில் செல்கள் வளர்ந்தன. இந்த முறைக்கான எலெக்ட்ரோபொரேஷன் என்ற பெயர் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது.

ஆனால் நியூமானின் கதை பத்து ஆண்டு முன்பே தொடங்கிவிடுகிறது. 1972இல் அவரும் கர்ட் ரோசன்ஹெக்கும் மாட்டின் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஹார்மோன் நிறைந்த நுண்பைகளைப் பிரித்து மின்துடிப்பு கொடுத்தார்கள். பைகள் சிறிது நேரம் திறந்து உள்ளிருந்ததை வெளியே விட்டன. நரம்புத் துடிப்பு வரும்போது வேதிப்பொருள் எப்படி வெளிப்படுகிறது என்பதுதான் அவர்களின் கேள்வி. உள்ளே எதையும் அனுப்பும் எண்ணம் அதில் இல்லை. இன்னும் ஐந்தாண்டு பின்னால் போனால், 1967இல் சேல், ஹாமில்டன் இருவரும் வலுவான மின்புலத்தால் பாக்டீரியாக்களையும் ஈஸ்ட்டையும் கொன்றிருக்கிறார்கள். கொல்வதற்குப் பயன்பட்ட மின்சாரம், பிறகு கசிய வைக்கப் பயன்பட்டு, கடைசியில்தான் மரபணுவை ஏற்றும் வழியானது. இந்த வரிசையைக் கண்டபோது இரவு இரண்டு மணி; தூக்கம் போயிருந்தது.

நோயெதிர்ப்பு செல்லுக்கு இந்த வழி வந்தது 1984இல். ஹண்டிங்டன் பாட்டர், லாரன்ஸ் வெயர், ஃபிலிப் லீடர் மூவரும் மற்ற வழிகளுக்கு மசியாத எலியின் முன்-பி செல்களுக்குள் மனித ஆன்டிபாடி மரபணுவை மின்சாரத்தால் அனுப்பினார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை ஆய்வகத்தில் ஓயாமல் பெருகும் செல் வரிசை. மனித ரத்தத்திலிருந்து நேராக எடுத்த டி செல் அப்படியல்ல. ஓய்வில் இருக்கும்போது அது சிறியது. வெளியில் இருப்பதை விழுங்கும் பழக்கம் குறைவு. அதனால் கொழுப்புத் துளியில் பொதிந்து கொடுத்தாலும் எளிதில் வாங்காது. பிரியாத செல்லில் உட்கருவின் சவ்வும் மூடியே இருக்கும். இதெல்லாம் நான் அறிந்ததுதான். தடை முழுவதும் நுழைவதில்தான் என்று நம்பியிருந்ததே என் தவறு.

நுழைந்த பிறகு நடப்பதை விளக்கியவர்கள் வேறு துறைக்காரர்கள். செல்லின் டி.என்.ஏ. இருக்க வேண்டிய இடம் உட்கரு. அதற்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் டி.என்.ஏ. கிடந்தால் அது கிருமியுடையது என்று செல் எடுத்துக்கொள்கிறது. அதை உணரும் சிகாஸ் என்ற புரதத்தை டெக்சாஸில் ஜேம்ஸ் சென்னின் குழு கண்டறிந்து 2013இல் வெளியிட்டது. சிகாஸ் ஸ்டிங் என்ற இன்னொரு புரதத்தை எழுப்பும். 2017இல் சுவிட்சர்லாந்தில் ஆண்ட்ரியா அப்லாசரின் குழு காட்டியது என் கேள்விக்கு மிக நெருக்கமானது: ஸ்டிங்கின் சமிக்ஞை பலமாக எழுந்தால் டி செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. கிருமியைத் தேடுவதற்கென்றே உருவான செல்லுக்குள் கிருமியின் அடையாளத்தோடு ஒரு பொருளை நான் கொட்டியிருக்கிறேன்.

ஆர்.என்.ஏ. ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்திருக்கிறார்கள். டென்ட்ரிட்டிக் செல்களுக்குள் ஆர்.என்.ஏ.வை அனுப்பியபோது அழற்சி எழுந்தது. அதன் காரணத்தைத் தேடித்தான் கரிகோவும் வைஸ்மனும் 2005இல் அழற்சியைத் தவிர்க்க ஆர்.என்.ஏ.வின் கட்டுமானக் கூறுகளான நியூக்ளியோசைடுகளை மாற்றியமைக்கும் வழிக்கு வந்து சேர்ந்தார்கள்.

டி.என்.ஏ.வுக்கு வழி 2018இல் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் தியோடர் ராத், அலெக்சாண்டர் மார்சன் குழு ஏராளமான சேர்க்கைகளைச் சோதித்தது. நீண்ட இரட்டை இழை டி.என்.ஏ.வைத் தனியே அனுப்பினால் டி செல்கள் சாகின்றன; டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் காஸ்9 புரதமும் அதற்கு இடம் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வும் இணைந்த கூட்டோடு சேர்த்து அனுப்பினால் சாவு குறைகிறது. மரபணுவும் அவர்கள் குறித்த இடத்திலேயே போய் அமர்ந்தது. வைரஸ் எதுவும் தேவைப்படவில்லை. 2022இல் சீனாவில் இதே வகையில் மின்துடிப்பால் உருவாக்கிய கார்-டி செல்களை (புற்றுநோயைத் தாக்கும்படி மரபணு மாற்றிய டி செல்களை) பெற்ற லிம்ஃபோமா நோயாளிகள் எட்டுப் பேரில் ஏழு பேருக்கு நோய் முற்றிலும் மறைந்ததாக 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது.

வைரஸ் இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பிக்கிபேக் என்ற தாவும் மரபணு மூலம் கார்-டி செல்கள் செய்த ஆஸ்திரேலியச் சோதனையில், பத்து நோயாளிகளில் இருவருக்கு அந்தச் செல்களே லிம்ஃபோமாவாக மாறியது 2021இல் வெளிவந்தது. மரபணு எங்கே போய் அமர்கிறது என்பதை எந்த முறையிலும் சரிபார்த்தே தீர வேண்டும்.

எங்கள் குவெட்டில் இப்போது டி.என்.ஏ. தனியாகப் போவதில்லை; காஸ்9 துணையோடுதான் போகிறது. போன வாரம் அந்த மாணவியே எண்ணினாள். பாதிக்கு மேற்பட்ட செல்கள் சாயம் ஏறாமல் தெளிவாக இருந்தன.