வீட்டுத் தோட்டாவும் டை தரும் தொல்லைகளும்

சுட்ட தோட்டாவில் உருப்படியாக மிஞ்சுவது பித்தளை உறை மட்டும்தான். குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் ஒருமுறைக்கு மேல் உதவாது. அதனால்தான் அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் மைதானங்களில் ஆட்டம் முடிந்ததும் சிலர் குனிந்து குனிந்து உறை பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டு கராஜில் கனமான ஒரு மேசை, அதில் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு பிரஸ், மூன்று நாலு டை இருந்தால் அதே உறையில் மறுபடியும் தோட்டா செய்துவிடலாம். ரீலோடிங் என்பது இதுதான். சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே மத்திய அரசின் உரிமம்கூடத் தேவையில்லை. செய்து விற்றால்தான் வேண்டும். (இந்தியாவில் கதையே வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே யாரும் முயற்சி செய்ய வேண்டாம்!)

2012 டிசம்பரில் சாண்டி ஹுக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, புதுச் சட்டம் வந்துவிடுமோ என்ற பயத்தில் கடைகளில் தோட்டா காலியானது. 2020இல் கொரோனா வந்தபோது மறுபடியும் அதே கூத்து. இரண்டு முறையும் நிறைய பேர் புதிதாக பிரஸ் வாங்கினார்கள். வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கண்டுகொண்ட உண்மை ஒன்று உண்டு. மருந்து அளப்பதோ பிரைமர் பொருத்துவதோ அவ்வளவு படுத்துவதில்லை. படுத்துவது டை.

டை என்பது பார்க்க வெறும் இரும்புக் குழாய்தான். வெளியே மரை வெட்டியிருக்கும். 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. எந்தக் கம்பெனி டையும் பெரும்பாலான பிரஸ்களில் உட்காருவது இந்தப் பொது அளவினால்தான். இந்த 14 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. டையை ஒரு முழுச் சுற்று திருகினால் சுமார் 1.8 மி.மீ. இறங்கும். கால் சுற்றுக்கு 0.45 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவில் அது பெரிய தூரம். "கொஞ்சம் திருகிப் பார்ப்போம்" என்று அரைச் சுற்று திருகுகிறவர் பழைய தொல்லையைத் தீர்த்த கையோடு புதிதாக ஒன்றைக் கொண்டுவருவார்.

முதல் டை, உறையைச் சுருக்குவது. சுடும்போது உறை சேம்பரின் சுவரை ஒட்டி உப்பிவிடும். அதை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது இதன் வேலை. கூடவே நடுவில் இருக்கும் ஊசி, எரிந்த பிரைமரைத் தள்ளிவிடும். பழைய எஃகு டைகளில் உறைக்கு எண்ணெய்ப் பசை தடவ மறந்தால் போச்சு, உறை உள்ளேயே இறுகிக்கொள்ளும். பலமாக இழுத்தால் விளிம்புதான் பிய்ந்து வரும். பிறகு உறையின் அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் மாட்டி இழுக்க வேண்டும். இந்த அவஸ்தையைத் தவிர்க்கத்தான் இப்போதெல்லாம் டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்த டைகள். அதில் பசை தேவையில்லை. ஆனால் கார்பைடு கடினமானது என்பதாலேயே நொறுங்கக்கூடியது. பிரஸ்ஸின் ஷெல் ஹோல்டர் போய் அதில் நங்கென்று இடித்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் விரிசல் விடும். ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி விடுவது நல்லது.

புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்தும் இன்னொன்று: 9 மி.மீ. லூகர் உறை இந்த டையிலிருந்து வரும்போது இடுப்பு ஒடுங்கி, கோக் பாட்டில் மாதிரி இருக்கும். டை கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. உண்மையில் அந்த உறை நேரான உருளை இல்லை. அடிப்பக்கம் சுமார் 9.93 மி.மீ., வாய்ப்பக்கம் 9.65 மி.மீ. என்று லேசாகச் சரிந்திருக்கும். கார்பைடு வளையமோ ஒரே அளவு. ஆகவே அது எல்லா இடத்தையும் ஒரே மாதிரி பிடித்து நெரிக்கிறது. இதில் தவறு எதுவும் இல்லை.

எல்லா உறையிலும் ஒரே இடத்தில் நீளக் கீறல் விழுகிறதா? டைக்குள் மணல் துகளோ பித்தளைத் துணுக்கோ ஒட்டியிருக்கிறது. மைதானத்து மண்ணில் பொறுக்கியதைக் கழுவாமல் அப்படியே போட்டதன் பலன். டையைக் கழற்றி, ஒரு குச்சியில் துணி சுற்றி மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஊசி வளைந்தால் அல்லது உடைந்தால் முதலில் உறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அடியில் நடுவில் ஒரே ஓட்டை இருந்தால் அது பாக்ஸர் வகை. நடுவை விட்டு ஒதுங்கி இரண்டு சின்ன ஓட்டை இருந்தால் பெர்டன். அதில் ஊசி போக வழியே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பாக்ஸர் ஓர் ஆங்கிலேயர், பெர்டன் ஓர் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கர்கள் பிடித்துக்கொண்டது பாக்ஸரை. பெர்டன் போய்ச் சேர்ந்தது ஐரோப்பாவில்!

இரண்டாவது டை உறையின் வாயை லேசாக விரிக்கும். குண்டு கீழே விழாமல் வாயில் நின்றால் போதும், அதற்கு மேல் விரிக்கக் கூடாது. குறைவாக விரித்தால் ஈயக் குண்டின் ஓரம் சீவிக்கொண்டு வரும். அதிகமாக விரித்தால் பித்தளை நாலைந்து தடவையிலேயே வாய் பிளந்துவிடும். எல்லா உறையும் ஒரே நீளம் இல்லாவிட்டால் ஒன்று சரியாகவும் இன்னொன்று புனல் மாதிரியும் வரும். அதற்கு டையைத் திட்டிப் பயனில்லை.

இனிமேல் வருவதுதான் பெரிய தலைவலி. மூன்றாவது டை குண்டை உள்ளே இறக்கும், வாயையும் மடக்கும். இரண்டும் ஒரே அழுத்தத்தில். குண்டு இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் அதைக் கடிக்கத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும்? ஈயம் வளையமாகச் சீவப்படும், அல்லது உறை வாய்க்குக் கீழே கசங்கிப் புடைக்கும். புடைத்த தோட்டா சேம்பரில் போகாது. சரிசெய்ய வழி: டையின் உடலை நன்றாக மேலே ஏற்றிவிட்டு, நடுத் தண்டை மட்டும் திருகிக் குண்டின் ஆழத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு தண்டை மேலே ஏற்றி, உடலைச் சிறிது சிறிதாக இறக்கி மடிப்பைச் சரிபார்க்க வேண்டும். கடைசியில் தண்டைக் குண்டில் தொடும்வரை இறக்கி லாக் ரிங்கை முடுக்கினால் ஆயிற்று. அப்போதும் படுத்தினால் மடிப்புக்கென்றே நாலாவது டை ஒன்று வாங்கி வேலையை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

மடிப்பைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. குண்டு தளர்வாக இருந்தால் மடிப்பை இன்னும் இறுக்கு என்பார்கள். ரிவால்வர் தோட்டாவில் குண்டின் பள்ளத்துக்குள் வாயை உருட்டி மடக்குவது சரி. அந்தத் தோட்டா விளிம்பில் நிற்கிறது. 9 மி.மீ., .45 ஏ.சி.பி. போன்றவை சேம்பருக்குள் நிற்பதே உறையின் வாய் விளிம்பில்தான். அதைச் சுருட்டிவிட்டால் தோட்டா நிற்க இடமில்லாமல் உள்ளே போய்விடும். அங்கே விரித்த வாயை நேராக்கும் அளவு மடிப்பே போதும். இன்னொரு சங்கதி, பித்தளை வசந்தக் கம்பி மாதிரி திரும்பி விரியும், ஈயம் விரியாது. ரொம்ப இறுக்கினால் ஈயம் நசுங்கி அப்படியே இருக்கும், பித்தளை மட்டும் விலகும். முடிவு, முன்னைவிடத் தளர்வு.

குண்டைப் பிடித்துவைப்பது உறைச் சுவரின் இறுக்கம். அதைச் சோதிப்பது சுலபம். மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மி ஒன்றைச் செய்து, காலிப்பரில் நீளம் அளந்து, மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் பலமாகத் தள்ளி மறுபடி அளக்க வேண்டும். நீளம் குறைந்திருந்தால் பிடிமானம் போதவில்லை. அடுத்து, சுருக்கிய உறையின் வாயை முழுதாக விரிக்காமல் லேசாக மட்டும் திறந்து ஒரு குண்டை இறக்கிப் பார்க்கலாம். இப்போது இறுகிப் பிடிக்கிறது என்றால் குற்றவாளி இரண்டாவது டையின் தண்டு. அது தேவைக்கு மேல் பருமனாக இருக்கிறது. இப்போதும் தளர்வு என்றால் முதல் டை போதுமான அளவு இறங்கவில்லை, அல்லது உறையின் சுவர் மெல்லிசு, அல்லது குண்டே மெலிந்தது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்ல வேண்டும்? தளர்ந்த குண்டு, மேகசினிலிருந்து ஏறும்போது சரிவில் இடித்து உறைக்குள் பின்வாங்கும். உள்ளே இடம் குறையும். அதே மருந்து சின்ன இடத்தில் எரிந்தால் அழுத்தம் எகிறும். 9 மி.மீ. போன்ற சின்ன உறையில் ஒரு மில்லிமீட்டரே பெரிய வித்தியாசம். சுடுகிறவரின் முகத்துக்கும் அந்த வெடிப்புக்கும் நடுவில் இருப்பது ஒரு கை நீளம் மட்டுமே.

நேற்றுவரை ஒழுங்காக வந்த நீளம் இன்று ஏறி இறங்கினால், தண்டின் குழிவைத் துடைத்துப் பார்க்க வேண்டும். ஈயக் குண்டின் மெழுகு அங்கே அடையாக அப்பியிருக்கும். முடித்த தோட்டா சரிதானா என்று பார்க்க, குண்டு போடாத துப்பாக்கியின் குழலைக் கழற்றி அதற்குள் போட்டால் 'ணங்' என்று விழ வேண்டும், விரலால் சுற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானே விழ வேண்டும். விழாவிட்டால் கறுப்பு மார்க்கரால் தோட்டாவைப் பூசி மறுபடி போட்டு எடுத்தால், மை உரிந்த இடமே காட்டிக்கொடுக்கும். வாயில் உரிந்தால் மடிப்பு போதவில்லை. வாய்க்குக் கீழே என்றால் புடைப்பு. குண்டின் மேல் என்றால் குண்டை இன்னும் ஆழமாக இறக்க வேண்டும். ஆழம் என்பது அழுத்தக் கணக்கும் ஆகையால், கையேட்டில் அந்தக் குண்டுக்குச் சொன்ன நீளத்தைப் பார்க்காமல் இறக்கக் கூடாது.

ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் பிரஸ்களில் ஒரு விசேஷ ஆபத்து. டை மாட்டிக்கொண்டதும் ஆள் நடுவில் நிறுத்திவிட்டு ஸ்பானரைத் தேடப் போவார். திரும்பி வந்தால், மூன்றாவது இடத்தில் நிற்கும் உறையில் மருந்து விழுந்ததா இல்லையா? ஞாபகம் இருக்காது. இரண்டு தடவை விழுந்தால் துப்பாக்கி வெடிக்கலாம். விழாமலே போனால், பிரைமர் மட்டும் குண்டைக் குழலின் பாதிவரை தள்ளி நிறுத்திவிடும். அடுத்த தோட்டா அதன் முதுகில் மோதும். அதனால் டை தகராறு செய்த அந்த நிமிடமே தட்டில் இருக்கும் எல்லா உறையையும் எடுத்துவிட்டு, மருந்தைக் கொட்டிவிட்டு, டம்மியை வைத்துத்தான் திருகலைத் தொடங்க வேண்டும்.

சரியாக வந்த டம்மி ஒன்றை எறியாமல், எந்தக் குண்டு, என்ன நீளம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, டை டப்பாவுக்குள்ளேயே போட்டு வைக்கிறார்கள் அனுபவஸ்தர்கள். அடுத்த முறை அதை டைக்குள் விட்டு, அது தொடும் இடத்தில் தண்டை நிறுத்தினால் பாதி வேலை மிச்சம்.