சொல்லுக்கு இத்தனை பைசா

2025 ஜூன் 9, திங்கள்

மாமியாரைத் தனியே விட்டுவிட்டு வெளியே போக முடியாத நிலை. அச்சகத்தில் புரூஃப் பார்த்த வேலையை விட்டாயிற்று. இனி வீட்டிலிருந்தே இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதித் தருவதென்று முடிவு.

பார்த்த விளம்பரங்கள் எல்லாம் ஒரே மாதிரி. "கன்டென்ட் ரைட்டர் தேவை. எந்தத் தலைப்பிலும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்." ஒரு தளம் உடனே பதில் போட்டது. சொல்லுக்கு 20 பைசா. அதற்கு முன்னால் ஆயிரம் சொல்லில் ஒரு சோதனைக் கட்டுரை, அதற்குக் காசு கிடையாது. தலைப்பு: கோடையில் குடிக்க வேண்டிய பானங்கள்.

சிவகாசிக்காரியிடம் வெயிலைப் பற்றிக் கேட்டதில் தப்பில்லை. ஆனால் ஆயிரம் சொல்லை இலவசமாக வாங்கி அப்படியே தளத்தில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? மாதிரிக்கு இரண்டு பத்தி தருகிறேன், முழுக் கட்டுரை என்றால் கூலி உண்டா என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

ஜூன் 11, புதன்

பழைய கோப்புகளிலிருந்து மாதிரி எடுக்கலாம் என்று பார்த்தால், பேஜ்மேக்கர் மென்பொருளில் பழைய எழுத்துருவில் அடித்ததெல்லாம் இணையத்தில் ஒட்டியதும் கிறுக்கலாகிறது. இணையத்துக்கு ஏற்ற யூனிகோட் குறியீட்டு முறையைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான். யூனிகோடில் அடிப்பதற்காகத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுகிறேன். உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். கைக்குப் பிடித்துவிட்டது.

ஜூன் 14, சனி

இந்தச் சொல் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. "எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று சேர்த்து எழுதினால் 20 பைசா. "எழுதிக் கொண்டு இருக்கிறேன்" என்று பிரித்தால் 60 பைசா. சேர்க்க வேண்டியதைச் சேர்ப்பதும் பிரிக்க வேண்டியதைப் பிரிப்பதும்தான் இத்தனை காலம் என் பிழைப்பு. இப்போது ஒழுங்காக எழுதினால் நஷ்டம். விகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும் மொழியில், ஆங்கிலக் கட்டுரைக்கு வைத்த அளவுகோல் எழுதுபவரின் கூலியில்தான் கை வைக்கிறது.

சொல்லுக்கு இவ்வளவு என்று பேசாமல், கட்டுரைக்கு இவ்வளவு என்றுதான் இனிப் பேச வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

கூலி ஏன் இவ்வளவு குறைவு என்று தோண்டிப் பார்த்தேன். இது அமெரிக்காவில் தொடங்கிய வழக்கம். டிமாண்ட் மீடியா என்ற நிறுவனம் தன் ஈஹவ் தளத்துக்காகக் கட்டுரைகளை மொத்தமாக எழுதி வாங்கியது. ஜனங்கள் கூகுளில் எதைத் தேடுகிறார்களோ அதுதான் தலைப்பு. கட்டுரைக்குப் பெரும்பாலும் 15 டாலர். 2011 ஜனவரியில் அந்நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த மாதமே, சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளும்படி கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. பாண்டா என்று பெயர். அதில் அடிபட்ட தளங்கள் பல. அசோசியேட்டட் கன்டென்ட் என்ற இன்னொன்றை யாகூ 2010இல் வாங்கி 2014இல் மூடியது.

தமிழுக்கு அந்த அலை தாமதமாக வந்தது. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் தமிழ்ப் பக்கங்களுக்கு அனுமதிக்கப்பட்டது 2018இல்தான். அதன் பிறகே தமிழில் ஒரு பக்கத்தை ஏற்றினால் விளம்பரக் காசு வரும் என்ற நம்பிக்கை பரவியது. 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்ததும் பானங்கள் கட்டுரைக்கு 20 பைசாகூடத் தேவையில்லாமல் போய்விட்டது.

ஒவ்வொரு மாற்றத்திலும் முதலில் வேலை போவது எதைப் பற்றியும் எழுதுகிறவருக்குத்தான்.

ஜூலை 8, செவ்வாய்

கடைத்தெருவில் எங்கள் அச்சக ஃபோர்மேன் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"என்ன தாயி, வீட்ல என்ன பண்றே?"

"கட்டுரை எழுதலாம்னு இருக்கேன் அண்ணாச்சி. மோர் நல்லதா, இளநீர் நல்லதான்னு கேக்குறாங்க."

"அதச் சொல்றதுக்கு நீ எதுக்குத் தாயி? ராகு காலத்தையும் எமகண்டத்தையும் திருத்துனவ நீ. டெய்லி காலண்டர் எப்படி உருவாகுதுன்னு வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும்? அத எழுது."

சொல்லிவிட்டு அவர் டீக்கடைக்குள் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தெரிந்தவற்றை எழுதி வைத்தேன். ராகு காலம் கிழமைக்குக் கிழமை மாறும், அதே கிழமையில் மாறாது. திங்கள் என்றால் 7.30 முதல் 9. அங்கே பிழை வந்தால் கண்ணில் பட்டுவிடும். திதியும் நட்சத்திரமும் முடியும் நேரத்தில்தான் பிழை ஒளிந்துகொள்ளும். வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் வேறொரு நேரம் சொல்லும். ஆர்டர் கொடுப்பவர் எதைப் பின்பற்றுகிறார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ரம்ஜான், பக்ரீத் தேதிகள் பிறை பார்த்து முடிவாகிறவை, அதனால் உத்தேசமாகத்தான் அச்சாகும். எழுத எழுதப் பக்கம் நிரம்பியது.

ஜூலை 19, சனி

தமிழ்த் தளம் ஒன்றின் ஆசிரியருக்குச் சுருக்கமாக ஒரு கடிதம் அனுப்பினேன். என்ன எழுதப் போகிறேன்: தினசரி காலண்டரின் ஒரு தாள் உருவாகும் கதை. ஏன் இப்போது: ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு, புத்தாண்டுக் காலண்டர் மாதிரிகள் கொண்ட ஆல்பங்களைச் சிவகாசியில் வெளியிடும் நாள். ஏன் நான்: அந்தத் தாள்களைப் புரூஃப் பார்த்தவள். எவ்வளவு: இத்தனை சொல், இத்தனை படம், இந்தத் தேதிக்குள். தன்னைப் பற்றிய நீண்ட அறிமுகத்தை யாரும் படிப்பதில்லை. ஆசிரியருக்குத் தேவை இந்த நான்கு பதில்களே.

மறுமொழி மாலையிலேயே வந்தது. எழுதச் சொல்லிவிட்டார். கட்டுரைக்கு மொத்தக் கூலி. சொல் எண்ணும் பேச்சே இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஒப்பந்தம் வந்திருக்கிறது. "எல்லா உரிமைகளும் நிறுவனத்துக்கு" என்று ஒரு வரி. கையெழுத்துப் போடுவதற்கு முன் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். தனித்து எழுதித் தரும் கட்டுரைக்கு முதல் உரிமையாளர் எழுதியவரே. மாதச் சம்பளத்தில் பத்திரிகை வேலை பார்ப்பவரின் நிலை வேறு. உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவரின் கையெழுத்து வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை விற்ற பிறகும், இது நான் எழுதியது என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவின்படி என்னிடமே இருக்கும்.

ஓராண்டுக்கு உங்களுக்கு மட்டும், பிறகு நான் புத்தகத்தில் சேர்த்துக்கொள்வேன் என்று திருத்தம் கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். கேட்டதால் வேலை போய்விடவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஊரில் ஆல்பம் வெளியீடு. கட்டுரையும் இன்று வந்துவிட்டது. தலைப்பை மட்டும் மாற்றி, "இந்த ரகசியம் உங்களுக்குத் தெரியுமா?" என்று போட்டிருந்தார்கள். ரகசியம் ஏதும் கட்டுரையில் இல்லை என்று எழுதினேன், மதியத்துக்குள் மாற்றிவிட்டார்கள். என் பெயர் மேலேயே இருக்கிறது. இனி மாதிரி கேட்டால் இந்தச் சுட்டியை அனுப்பினால் போதும்.

ஆகஸ்ட் 20, புதன்

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு "வீட்டிலிருந்தே தட்டச்சு" வேலை வந்ததாம். பதிவுக் கட்டணம் கட்டியாயிற்று. இப்போது, வேலையில் பிழை, அபராதம் கட்டு, இல்லையென்றால் வழக்கு என்று வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ். வேலை தருகிறவர் காசு கேட்டால் அது வேலையே இல்லை. சைபர் குற்ற உதவி எண் 1930இல் புகார் கொடுக்கச் சொன்னேன். அழுதுகொண்டே அழைத்தாள்.

செப்டம்பர் 18, வியாழன்

பணம் வந்தது. கட்டுரை வெளியான உடனே யாரும் தருவதில்லை. பில் அனுப்பி, நினைவூட்டி, காத்திருக்க வேண்டும். பில்லில் தேதி, வரிசை எண், பான் எண், வங்கி விவரம் நான்கும் இருந்தால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பாது.

வரி விவரத்தையும் தெரிந்துகொண்டேன். இந்த 2025-26 நிதியாண்டில் ஒரே நிறுவனம் தருவது 50,000 ரூபாயைத் தாண்டினால், வருமான வரிச் சட்டத்தின் 194ஜெ பிரிவின்கீழ் 10 விழுக்காட்டை வரியாக முன்கூட்டியே (டிடிஎஸ்) பிடிப்பார்கள். பான் எண் தராவிட்டால் 20 விழுக்காடு. பிடித்தது 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பி வரும். தாக்கல் செய்யாமல் விட்டால் நம் காசு அங்கேயே கிடக்கும்.

அக்டோபர் 12, ஞாயிறு

அடுத்து என்ன தருகிறீர்கள் என்று அந்த ஆசிரியரே கேட்டிருக்கிறார். பட்டியல் தயாராக இருக்கிறது: தாளின் ஜிஎஸ்எம் என்றால் என்ன, கல்யாணப் பத்திரிகை அச்சுக்கு முன் என்னென்ன கைகளைக் கடக்கிறது, டெய்லி காலண்டர் அட்டையில் தகரம் அடிப்பவர்களின் நாள் எப்படிப் போகிறது. இவற்றுக்கு நான் யாரிடமும் போட்டி போட வேண்டியதில்லை.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். "எதைப் பற்றியும் எழுதுவேன்" என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். அந்த வரிசையில் கூட்டம் அதிகம், கூலி குறைவு, இப்போது இயந்திரமும் நிற்கிறது. பார்த்த வேலை, வளர்ந்த தெரு, கையாண்ட கருவி, பட்ட நோய், நடத்திய கடை என்று உங்களுக்கு மட்டும் உள்ளிருந்து தெரிந்தவற்றைப் பட்டியல் போடுங்கள். முதல் கடிதத்தை அந்தப் பட்டியலிலிருந்து எழுதுங்கள். கூலி எவ்வளவு, எப்போது, உரிமை யாருக்கு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு வேலையைத் தொடங்குங்கள்.