ஹெக்ஸாவில் ஒரு தவில்!

அரியலூர் டு பெரம்பலூர். சிமென்ட் லாரிக்குப் பின்னால் மாட்டினா பஸ் நகராது. அந்த நேரத்துலதான் நம்ம மியூசிக் கம்போஸிங்!

லேப்டாப், கீபோர்டு எதுவும் இல்ல. மொபைலில் 'சன்வாக்ஸ்' மட்டும். ரஷ்யாக்காரர் அலெக்ஸாண்டர் ஸோலோடோவ் எழுதி, 2008-ல் வெளியிட்டது. இசைக் குறிப்பு எல்லாம் நம்பரும் எழுத்துமா மேலிருந்து கீழே ஓடும். 'டிராக்கர்' என்று பேர். 1987-ல் அமிகா கம்ப்யூட்டருக்காக கார்ஸ்டன் ஓபார்ஸ்கி செய்த 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்'தான் இந்த வம்சத்துக்குத் தாத்தா. கணக்கு முழுக்க ஹெக்ஸாடெசிமல். 80 என்றால் 128! (மைக்ரோபிராசசர் பேப்பரில் மண்டையில் ஏறாதது இங்கே ஏறியது. அரியர் விழுந்த அப்புறம்தான்.)

பெரியப்பா தவில்காரர். தோள்வலி வந்ததிலிருந்து, விரலில் கூடு மாட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. அவரோட பழைய கோயில் கச்சேரி கேசட்டிலிருந்து ஒவ்வொரு அடியா வெட்டி ஆப்பில் ஏத்தினேன். மிஸ்ர சாப்பு, ஏழு எண்ணிக்கை. 32 வரி பேட்டர்னில் உட்காரவே மாட்டேங்குது. நாலு வரி மிஞ்சி உதைக்குது. ஏழு நாலு இருபத்தெட்டு என்று வரியைக் குறைச்சேன். கச்சிதமா சுத்த ஆரம்பிச்சது!

ஹெட்போனை பெரியப்பா காதில் மாட்டினேன். முகத்துல ஒண்ணும் காட்டல. விரல் மட்டும் தொடையில் தட்டுது.

"மெஷின் மாதிரி இருக்குடா. நாலாவது அடி கொஞ்சம் பின்னால விழணும்" என்றார்.

நோட்டைத் தாமதப்படுத்தவும் ஒரு எஃபெக்ட் இருக்கு. போட்டுக் காட்டினேன்.

"இன்னும் கொஞ்சம்."

ராத்திரி பதினொரு மணி வரைக்கும் 'இன்னும் கொஞ்சம்'தான்.