நூல் மறக்காத நிறம்

துருக்கியின் மேற்குப் பகுதியில் ஐவஜிக் என்னும் வட்டாரம் உள்ளது. அங்குள்ள சிற்றூர்களில் பெண்கள் தறியின் முன் அமர்ந்து, கம்பளி நூலை முடிச்சு முடிச்சாகக் கட்டி விரிப்புகளை நெய்கிறார்கள். தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்ளும் கலை அது. முற்காலத்தில் நூலுக்குச் சாயமேற்றும் முறையும் அவ்வாறே வழிவழியாக வந்தது. சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேர், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குக் காட்டுப் பூக்கள் என ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு செடி இருந்தது.

1856-ஆம் ஆண்டு லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்னும் 18 வயது இளைஞர், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தயாரிக்க முயன்றார். மருந்து கிடைக்கவில்லை, அழகிய ஊதா நிறச் சாயம் கிடைத்தது. அதுவே செயற்கைச் சாயத் தொழிலுக்கு வழிவகுத்தது. 1868-இல் ஜெர்மானிய வேதியியலாளர் இருவர், மஞ்சிட்டி வேரில் உள்ள சிவப்புப் பொருளையே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டினர்.

காலப்போக்கில் சாயப்பொடிகள் துருக்கியின் சிற்றூர்ச் சந்தைகளுக்கும் வந்தன. வேரைத் தோண்டி, உலர்த்தி, இடித்து, ஊறவைக்கும் வேலை மிச்சமானது. விலையும் மலிவு. உழைத்துக் களைத்த பெண்கள் அவற்றை விரும்பி வாங்கியதில் வியப்பில்லை. ஆனால், அந்தச் சாயங்களுள் பல வெயிலில் வெளுத்தன. சில, தண்ணீர் பட்டால் கரைந்தன. அதற்குள் பழைய முறையை அறிந்த முதியவர்கள் மறைந்துவிட்டார்கள். ஏட்டில் எழுதாமல் கைப்பழக்கமாகவே இருந்த அறிவு, சில தலைமுறைகளில் மறைந்துபோனது.

இந்நிலையில், இஸ்தான்புல்லில் பணியாற்றிய ஹரால்ட் போமர் என்னும் ஜெர்மானிய வேதியியல் ஆசிரியரைப் பழைய விரிப்புகளின் நிறங்கள் கவர்ந்தன. நூற்றாண்டுகள் கடந்தும் அவை மங்காமல் இருந்தன. பழைய விரிப்புகளின் நூலிழைகளிலிருந்து சாயத்தைப் பிரித்தெடுத்து, அந்நாட்டுச் செடிகளின் சாயங்களோடு அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த நிறம் எந்தச் செடியிலிருந்து வந்தது என்பது படிப்படியாகத் தெரிந்தது. மனிதர்கள் மறந்ததை நூல் மறக்கவில்லை.

1981-இல், மர்மரா பல்கலைக்கழகத்தின் ஆதரவுடன் ஐவஜிக் வட்டாரத்தில் ஒரு திட்டம் உருவானது. சிற்றூர் மக்கள் இயற்கைச் சாயமேற்றும் முறையை மீண்டும் கற்றனர். முதலில் கம்பளி நூலை நன்கு கழுவி, அதிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும். பிறகு படிகாரம் கரைத்த நீரில் அதைச் சூடாக்க வேண்டும். சாயத்தை நூலோடு பிணைப்பது படிகாரமே. அதன்பின் வேரின் சாறு இறங்கிய நீரில் நூலை இட்டு, மெல்லச் சூடேற்ற வேண்டும். நீர் கொதித்துவிட்டால் சிவப்பு, பழுப்பாக மாறிவிடும். சூடான நூலைச் சட்டென்று குளிர்ந்த நீரில் போட்டு அலசினால் கம்பளி சுருங்கிவிடும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதை ஆய்வுக்கூடம் சொல்லலாம். ஆனால், பானையின் அருகில் நின்று பழகிய கைக்கும் கண்ணுக்குமே பக்குவம் பிடிபடும்.

முறையை மீட்டால் மட்டும் போதுமா? இயற்கைச் சாயத்துக்கு உழைப்பும் நேரமும் அதிகம். அதற்கேற்ற விலை கிடைக்காவிட்டால், யாரும் அதைத் தொடர மாட்டார்கள். ஆகவே, நெசவாளர்களின் விரிப்புகளை விற்கக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. பெண்கள் தங்கள் ஊரிலிருந்தபடியே வருமானம் ஈட்ட அவை வழி செய்தன. வயிற்றுக்குச் சோறிடும் கலையே வீட்டில் நிலைக்கும் என்பதைத் திட்டத்தைத் தொடங்கியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

மஞ்சிட்டி இனச் செடியின் வேர் நல்ல சிவப்பைத் தர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மண்ணுக்குள் இருக்க வேண்டும். இன்று அதை நடுபவர், மூன்றாண்டுகளுக்குப் பிறகும் தம் ஊரில் தறி ஓடும் என்று நம்பியே நடுகிறார். கைவழி வந்த எந்த அறிவும் இத்தகைய நம்பிக்கையால்தான் அடுத்த தலைமுறையைச் சென்றடைகிறது.