நீக்க முடியாத திவான்

சில வருடங்களுக்கு முன்னால் பேத்தி நியூ ஜெர்சியிலிருந்து கூப்பிட்டாள். "பாட்டா, ஒரு பரீட்சைக்குப் படிக்கேன். நீங்க கேள்வி கேளுங்கோ, நான் பதில் சொல்லுதேன்" என்றாள். அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு. அன்றைய முறைப்படி 100 கேள்விகளைப் படித்துக்கொண்டு போகவேண்டும். அதிகாரி 10 வரை கேட்பார். 6 சரியாக இருந்தால் தேர்ச்சி.

பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அரசின் ஒரு பிரிவு மட்டும் அளவுக்கு மிஞ்சிப்போகாமல் தடுப்பது எது? "அதிகாரப் பிரிவினை" என்று அவள் டக்கென்று சொன்னாள். எனக்கோ எங்கள் திவான் ஞாபகம் வந்துவிட்டது.

தெற்குக் கேரளத்துப் பாறசாலைக்காரக் கிழவனுக்கு அமெரிக்க அரசமைப்பில் என்ன வேலை என்று நினைக்கவேண்டாம். எனக்கு எட்டு வயதிருக்கும்போதே அது எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டது. 1946இல் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் ஓர் ஆட்சித் திட்டத்தை முன்வைத்தார். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு; சட்டசபை உண்டு. ஆனால் நிர்வாகம் மகாராஜா நியமிக்கும் திவானிடம். அவரைச் சபை நீக்க முடியாது. அமெரிக்காவிலும் ஜனாதிபதியைச் சபை நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு இறக்குவதில்லையே என்பது வாதம். அதனால் அதற்கு 'அமெரிக்கன் மாடல்' என்று பெயர். ஊரோ 'அமெரிக்கன் மோடல் அறபிக்கடலில்' என்று முழக்கமிட்டது. அந்த அக்டோபரில் புன்னப்பிரையிலும் வயலாரிலும் எதிர்த்துக் கிளம்பிய தொழிலாளர்களுக்கு அரசின் துப்பாக்கிகள் பதில் சொன்னதை நாடறியும்.

சி.பி. கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. சொன்னதும் பொய்யில்லை, பாதியைச் சொன்னார், அவ்வளவுதான். மீதிப் பாதியை எனக்குச் சொன்னவர் அப்பா. "அங்க ஜனாதிபதிய நாலு வருசத்துக்கு ஒருக்கா ஜனங்க வைக்காங்க. திவான யாருலே வச்சா?"

பேத்திக்குக் கேள்வி கேட்கப்போய் மிச்சத்தை நானும் படித்தேன். அங்கே பணப்பெட்டியின் சாவி காங்கிரஸ் எனும் அவர்களுடைய நாடாளுமன்றத்திடம். ஜனாதிபதி ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினால், இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டால் அவரை மீறிச் சட்டமாக்கலாம். சட்டம் அரசமைப்புக்கு முரணானால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யும். ஜனாதிபதியைக் குற்றம் சாட்டி நீக்கவும் வழியிருக்கிறது. ஆனால் ஆண்ட்ரூ ஜான்சன், கிளிண்டன், இரண்டு முறை டிரம்ப் என்று பிரதிநிதிகள் அவை குற்றம் சாட்டியும், செனட் ஒருவரையும் நீக்கியதில்லை. 1974இல் நிக்சன் அதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார். ஆக அந்த வாளைவிட நாலு வருடக் கெடுதான் அங்கே வேலை செய்கிறது என்பது என் கட்சி.

"அங்க உள்ள முதல் திருத்தம் என்ன மோளே?" என்று கேட்டேன். பேச்சு, மதம், பத்திரிகை, கூடுவது, அரசிடம் முறையிடுவது என்று ஐந்தையும் ஒப்பித்தாள். பக்கத்து நெய்யாற்றின்கரையில் பிறந்தவர் பத்திரிகையாசிரியர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. அன்றைய திவானை எதிர்த்து எழுதியதற்காக 1910 செப்டம்பரில் விசாரணையே இல்லாமல் அவரை நாடு கடத்தினார்கள், அச்சகத்தையும் பறித்தார்கள். அதே ஊரில் 1938 ஆகஸ்ட் 31இல் பொறுப்பாட்சி கேட்டுக் கூடியவர்கள்மேல் சுட்டார்கள். வீரராகவன் என்பவரோடு இன்னும் சிலர் செத்தார்கள். பேத்தி மனப்பாடம் செய்த ஐந்தில் இரண்டுக்கு எங்கள் ஊர் கொடுத்த விலை இது.

குடியுரிமை விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. அமெரிக்கன் நாட்டுக்கும் குடிமகன், தான் வசிக்கும் மாநிலத்துக்கும் குடிமகன். நமக்கு இந்தியா ஒன்றுதான். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா மதராஸ் மாநிலத்துக்குப் போனது. தமிழர் தலைவர் நேசமணி தமிழ்ப் பக்கத்துக்குக் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தை வேறு மாநிலத்துக்காரி ஆனாள். குடியுரிமையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் சம்மதமில்லாமல் அதைப் பிரிக்க முடியாது. இங்கே மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், நாடாளுமன்றம் சட்டம் போட்டு எல்லைக் கோட்டை நகர்த்திவிடும்.

பேத்தி தேர்ச்சி பெற்றாள். இரட்டைக் குடியுரிமை இங்கே இல்லையென்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாள். அன்று இரவு அழுதாள். "ஜூரிக்குக் கூப்பிட்டா போவியா?" என்று பேச்சை மாற்றினேன். "போகணும் பாட்டா, அது கடமை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உரிமையைக் கேட்டு நிற்பதும் கடமைதான்; அதை நான் எத்தனை முறை செய்தேன்?

அடுத்த மாதம் நிலம் சம்பந்தமாக ஓர் அலுவலகத்தில் தமிழில் மனு நீட்டினேன். மலையாளத்தில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். எனக்கு மலையாளம் நன்றாகவே எழுத வரும். முன்பெல்லாம் அப்படித்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த முறை நகரவில்லை. அரசமைப்பின் 350ஆவது பிரிவைச் சொன்னேன். குறை தீர்க்கக் கேட்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் கொடுக்கலாம். அரைமணி நேரம் கழித்து முத்திரை விழுந்தது.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் நாம் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில்தான் வரவேண்டும். எல்லையோரத்தில் இருக்கிறவர்களே, அடுத்த மனுவைத் தமிழில் எழுதுங்கள். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.