பல் எடுக்கப் போகிறவளுக்கு

என் செல்லக் கோமுவுக்கு,

புதன்கிழமை பல்லை எடுக்கச் சொல்லிவிட்டார்கள், கை காலெல்லாம் உதறுகிறது என்று நீ வாட்ஸ்அப்பில் போட்டிருந்ததைப் பார்த்தேன். உடனே ஃபோன் போட்டிருப்பேன், ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பாய், பக்கத்தில் உட்கார்ந்து உங்க அத்தை நடுநடுவே ஒன்று சொல்வார்கள், கடைசியில் நான் சொல்ல வந்தது தென்காசி தாண்டிக் குற்றாலம் போய்விடும். அதனால்தான் கடுதாசி. போன வருஷம் இதே கடைவாய்ப் பல்லோடு நான் பட்டதையெல்லாம் உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப் போகிறேன்?

முதலில் மூக்குத்தியைச் சொல்லிவிடுகிறேன், இதை எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். ஓபிஜி என்று ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். நீ நின்றபடி மோவாயை ஒரு தட்டில் வைத்து, ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும், மெஷின் உன் தலையை ஒரு சுற்றுச் சுற்றி, மொத்தப் பல்வரிசையையும் ஒரே படத்தில் எடுத்துவிடும். அதற்குத் தோடு, சங்கிலி, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். என் மூக்குத்தியோ கல்யாணத்துக்குப் போட்டது, திருகாணி அசைவேனா என்கிறது. அங்கே இருந்த பெண் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து, பின்னால் இருபது பேர் காத்திருக்க, என் மூக்கைப் பிடித்துத் திருகினாள் பார், பல் எடுத்தபோதுகூட எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. நீ செவ்வாய்க்கிழமை ராத்திரியே தேங்காயெண்ணெய் போட்டு ஊறவைத்துக் கழற்றிவிடு.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எப்படி எடுப்பது என்று முடிவு பண்ணுவார்கள். நேராக நிற்கிற பல் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். என்னுடையது மாதிரி படுத்துக்கொண்டு முன்னால் இருக்கிற பல்லை முட்டுகிற ஞானப்பல் என்றால் ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பை ராவி, பல்லையே துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள். கேட்கத்தான் பயங்கரம், மரத்துப்போன வாய்க்கு ரெண்டும் ஒன்றுதான். பிரஷர் மாத்திரை சாப்பிடுவதை மறக்காமல் சொல். ரத்தம் இளக்குகிற மாத்திரை, சர்க்கரை மாத்திரை, எலும்புக்குப் போடுகிற ஊசி, எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், நாமாக எதையும் நிறுத்தவும் கூடாது. அப்புறம், ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு போய்த் தொலையாதே. மரப்பு ஊசி மட்டும்தான் என்றால் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அப்புறம் ராத்திரி வரைக்கும் ஒழுங்காகச் சாப்பிட முடியாது.

ஊசியைச் சொல்கிறேன். சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். லிக்னோகைன் என்று மருந்து, அதில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருப்பார்கள், அதனால் சில பேருக்கு நெஞ்சு திடீரென்று படபடவென்று அடிக்கும், கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். நீ பாட்டுக்கு ஹார்ட் அட்டாக் என்று எழுந்து உட்காராதே. உதடும் நாக்கும் பாதி வீங்கிப்போன மாதிரி இருக்கும், கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இந்த லிக்னோகைனையே 1943-ல்தான் ஸ்வீடனில் கண்டுபிடித்தார்களாம். அதற்கும் கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னால், 1844-ல், அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்று ஒரு பல் டாக்டர், சிரிப்பு வாயுவை முகரவைத்து வேடிக்கை காட்டுகிற கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒருத்தன் காலில் அடிபட்டதுகூடத் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாளே அதே வாயுவைத் தான் முகர்ந்து, தன் பல்லையே இன்னொரு டாக்டரை விட்டுப் பிடுங்கச் சொன்னாராம்! எங்க ஆச்சிக்குக் கிராம்பை அடக்கிக்கொள்வது தவிர வேறு கதி இல்லை, அவள் பல் வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லியும் நான் கேட்டதில்லை.

எடுப்பது எப்படித் தெரியுமா? நாம் நினைக்கிற மாதிரி வெடுக்கென்று இழுக்க மாட்டார்கள். கல்யாணம் முடிந்து பந்தக்காலை எடுக்கும்போது முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிக் குழியைப் பெரிசாக்கிக்கொண்டு அப்புறம்தானே தூக்குவார்கள், அதேதான். பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை, மெல்லிசு நார்கள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அவற்றை அறுத்து விடுவிப்பதுதான் வேலையே. வலி இருக்காது, ஆனால் தாடையைப் போட்டு அமுக்குவது நன்றாகத் தெரியும். எனக்கு அதைவிடச் சத்தம்தான் பிடிக்கவில்லை. எலும்பு வழியாகவே காதுக்கு வருவதால் கறகறவென்று தலைக்குள்ளேயே கேட்கிறது. வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்பார்கள், கூச்சப்படாமல் தூக்கு, இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் டாக்டர் பாடு. உன் பாடு வீட்டுக்கு வந்த பிறகுதான், அதைக் கவனமாகப் படி. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடிக்கொள்ளும், அதுதான் உனக்குக் கட்டு, அதுதான் மருந்து. அதைக் காப்பாற்றத்தான் பஞ்சை அரை மணி முக்கால் மணி நேரம் அழுத்திக் கடிக்கச் சொல்வது. அடிக்கடி எடுத்துப் பார்க்காதே. ஒரு நாள் முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, இளநீராகவே இருந்தாலும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. எச்சில் இளஞ்சிவப்பாக ஊறும், அருவருப்பாகத்தான் இருக்கும், முழுங்கிவிடு. அந்த உறைவு கழன்று விழுந்தால் மூன்றாம் நாள் வாக்கில் காது வரைக்கும் குடையும், வாயும் நாறும். அப்படி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காமல் டாக்டரிடம் போ, குழியைக் கழுவி மருந்து வைத்துவிடுவார், அன்றைக்கே குறையும். சாப்பாட்டுக்கப்புறம் நீ போடுகிற வெற்றிலைக்கு ஒரு வாரம் லீவு.

முதல் நாள் கன்னத்துக்கு வெளியே ஐஸ் வை. ரெண்டாம் மூன்றாம் நாள்தான் வீக்கம் ஜாஸ்தியாக இருக்கும், அது சகஜம், அதற்கப்புறமும் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, முழுங்க முடியாமல் போனாலோ, ரத்தம் நிற்காமல் வழிந்தாலோ சும்மா இருக்காதே. மறுநாள் ஆன பிறகும் உதடு மரத்தே கிடந்தால் அதையும் சொல். மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு, வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, தானாக விழவிட வேண்டும். சாப்பாடு குழைந்த தயிர்சாதம், ஆறிய கஞ்சி. ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதும் இவர் ஆசையாக வாங்கி வந்தது பாதாம் முந்திரி தூவினது! குழிக்குள்ளே போய் உட்காருவதற்கென்றே பண்ணின மாதிரி. மொத்தத்தையும் இவரும் பிள்ளையுமே என் எதிரில் உட்கார்ந்து தின்றார்கள். சூடாக எதுவும் கூடாது என்பதால் பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறிப்போன காப்பி வேறு. என்னைக் கேட்டால் இந்த மொத்தச் சங்கதியிலும் பெரிய தண்டனை அதுதான்டி.

உங்க அத்தை கண்ணைப் பற்றிச் சொல்லியிருப்பார்களே, மேல்பல்லைப் பிடுங்கினால் பார்வை போய்விடும் என்று? எங்க மாமியாரும் சொன்னார்கள், கீழ்ப்பல்லுக்கே சொன்னார்கள். கண்பார்வைக்கு உள்ள நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு. நாற்பதுக்கு மேல் பல்லும் ஆடும், வெள்ளெழுத்தும் வரும், ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். நீ எதிர்த்துப் பேசாதே, "சரி அத்தை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டு வா. கடைசிப் பல் இல்லாமல் வேறு பல்லை எடுக்கிறார்கள் என்றால் மட்டும், அந்த இடத்தை எப்போது அடைப்பது என்று கேட்டுக்கொள், விட்டுவைத்தால் பக்கத்துப் பல் சாயும்.

எடுத்த பல்லைக் கேட்டால் பஞ்சில் சுற்றித் தருவார்கள். சின்ன வயசில் சாணியில் உருட்டி உங்க வீட்டு ஓட்டு மேல் எறிவோமே, இங்கே குரோம்பேட்டையில் மூன்றாம் மாடியில் கூரைக்கு எங்கே போக? நான் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை அண்ணாச்சியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ, வரும் வழியில் காய்கறி வாங்குகிறேன் என்று சந்தைக்குள் நுழையாதே. சனிக்கிழமை நானே கூப்பிடுகிறேன். நீ வாயைத் திறக்க வேண்டாம், "உம்" கொட்டினால் போதும், செண்பகம் மகள் கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டார் அடித்த கூத்து ஒரு மணி நேரத்துக்கு இருக்கிறது.

உன்
ராஜி