'வயிறு வலிக்குது'னு பிள்ளை சொன்னா நம்புங்க!

பித்தப்பைக் கல் என்றாலே 40 வயதைத் தாண்டியவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். என் அக்கா மகளுக்கு வயது 9.

மூன்று மாதங்களாக, சாப்பிட்டதும் மேல்வயிற்றில் வலது பக்கம் வலி. சில நாள்கள் வாந்தி. 'ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறா' என்றார் ஒரு உறவினர். 'வாயுதான், ஓமத்தண்ணி கொடு' என்றார் அம்மா. லீவு நாளில்கூட ஆசையாகக் கேட்ட பூரியைச் சாப்பிட்டுவிட்டு அவள் சுருண்டு படுத்ததும், குழந்தைகள் நல மருத்துவரிடம் ஓடினோம்.

வெறும் வயிற்றில் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுத்தார்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், கல் தெளிவாகத் தெரியாது. இந்த ஸ்கேனில் வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. கற்கள் தெரிந்தன.

"வீட்டில் யாருக்காவது ரத்தசோகை, மஞ்சள்காமாலை, பித்தப்பை ஆபரேஷன்?" என்று டாக்டர் கேட்டார். "எனக்கு 24 வயசுல பித்தப்பையை எடுத்துட்டாங்க" என்றார் மாமா. அந்த ஒரு பதில்தான் திருப்புமுனை. ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது, பரம்பரையாக வரும் ஸ்பீரோசைட்டோசிஸ். தட்டையாக இருக்கவேண்டிய சிவப்பணுக்கள் உருண்டையாகி, மண்ணீரலில் சீக்கிரமே உடைந்துவிடும். அதில் உருவாகும் பிலிருபின் பித்தத்தில் அதிகமாகச் சேர்ந்து கல்லாகிறது. தாலசீமியா, சிக்கிள் செல் பாதிப்புள்ள குழந்தைகளுக்கும் இப்படித்தான் கல் உருவாகிறது. உடல் பருமனும் ஒரு காரணம்.

தொந்தரவு தராத கல்லைப் பெரும்பாலும் கண்காணித்தாலே போதுமாம். வலி கொடுத்தால் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையையே எடுத்துவிடுகிறார்கள். கல்லை மட்டும் எடுத்தால் மறுபடி உருவாகலாம். 'பித்தப்பை இல்லாம எப்படிச் செரிக்கும்?' என்று அக்கா பயந்தாள். பித்தத்தைச் சுரப்பது கல்லீரல்; பித்தப்பை அதைச் சேமிக்கும் இடம் மட்டுமே. பை இல்லாவிட்டால் பித்தம் நேராகக் குடலுக்குப் போய்விடும்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவள் என்னிடம் சொன்னது, "நான் நடிக்கலைனு எல்லார்கிட்டயும் சொல்லுங்க சித்தி." எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இப்போது அவள் தம்பிக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கும் வயிற்றுவலி அடிக்கடி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வலியோடு காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ, நிற்காத வாந்தியோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகும்போது, குடும்பத்தில் யாருக்கெல்லாம் என்ன ஆபரேஷன் நடந்தது என்றும் கேட்டுக்கொண்டு போங்கள்.